பின்னாடி பெய்யற மழை

முட்டிய சித்த அக்கட்ட தள்ளிக்குங்க தம்பி, பொட்டி இடிக்குது பாருங்க. கனமெல்லாம் இல்லீங்க, உள்ள இருக்கறது டிவிடி பிளேயருதான். மேல வெக்கச் சொல்லி கண்டக்டர் மொறைக்கறாரு. மேல வெச்சா சென்னிமலை தாண்டறதுக்குள்ள யாரு தலையிலயாவது உளுந்துரும். மடியிலயே இருக்கட்டும். பதினோரு வருசமா பூப்போட்ட துணி போட்டு மூடி வெச்சிருந்த சாமானுங்க இது.

வெறும் படம் பாக்கற பொட்டின்னு லேசா நெனச்சராதீங்க. எங்கூட்டுல இருக்கறது சரவுண்டு சவுண்டு. முன்னாடி மூணு ஸ்பீக்கர் பொட்டி, பின்னாடி ரெண்டு பொட்டி, மூலையில குண்டா ஒண்ணு. அந்தக் குண்டுப் பொட்டி உறுமுனா சத்தம் கால் வழியா ஏறும். நடுவுல சோபா. சோபாவுலயும் நட்டநடுவுல ஒரே ஒரு எடம். அங்க உக்காந்தாத்தான் ஆறு பொட்டியும் நம்மளச் சுத்தி நிக்கும். டேப்பு வெச்சு அளந்து, தரையில கோடு போட்டு வெச்சிருக்கறேன். எங்கூட்டம்மா கூட்டறப்ப சோபாவ அரையடி நகத்தீட்டான்னா அன்னைக்கு எனக்குச் சோறு எறங்காது.

எம்பேரு நாச்சிமுத்துங்க. ஊரு பெருந்துறைக்குப் பக்கம். மின்சார ஆபீசுல முப்பத்திரண்டு வருசம் வேலை, லைன் இன்ஸ்பெக்டரா வெளிய வந்தேன். ஒயரு விசயத்துல எனக்கு ஒருத்தர் சொல்லித் தரோணும்னு இல்லீங்க. அதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

இந்த செட்டு வாங்குனப்ப கூடவே ஒரு டிஸ்க்கு குடுத்தாங்க. சத்தத்தைக் காட்டறதுக்குன்னே இருக்கற டிஸ்க்கு. மொதல்ல மழை. எதுத்தாப்புல தூறலா ஆரம்பிச்சு, போகப்போக சோபாவுக்குப் பின்னாடி கொட்டும். அப்புறம் ரயிலு. டிவியில இருந்து கெளம்பி, காதோரமா வந்து, பின்னாடி சொவத்துக்குள்ள பூந்து போயிரும். எங்கூட்டுக்கு யாரு வந்தாலும் மொதல்ல அந்த எடத்துல உக்கார வெப்பேன். கல்யாணப் பத்திரிக்கை வெக்க வந்தவங்களைக் கூட மழையில நனைய வெச்சுத்தான் அனுப்புவேன். "எங்கீங்க பெய்யுது?"ன்னு கேப்பேன். "பின்னாடிங்க"ம்பாங்க. அப்பத்தான் காப்பி வரும். எங்கூட்டம்மா ருக்குமணிக்கு மழை முடியற நேரம் அத்துபடி. அதுக்குத் தக்கனதான் பாலை அடுப்புல வெப்பா.

ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும் பின்னாடின்னுதான் சொன்னாங்க. சொந்தக்காரங்க, ஆபீசு ஆளுங்க, கேபிள்காரரு, எல்லாரும். நல்லது இருந்தா மனுசன் ஒத்துக்கத்தானுங்களே வேணும்?

ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க. எங்கூட்டுல பொய்யின்னா ஆகாது. எனக்குப் பொய் சொன்னா ஆளைத் திரும்பிப் பாக்கமாட்டேன். எம்பொண்ணு கோகிலவாணியையும் அப்படித்தான் வளத்தியிருக்கறேன். பி.எட். முடிச்சு இஸ்கூலுல டீச்சரா இருக்கறா, இருவத்திநாலு வயசு. ஒரே பொண்ணுங்க.

அவளுக்கு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சோம். ஜாதகம், தோட்டம், வேலை, இதெல்லாம் ஊரே பாக்கறது. நான் கூட ஒண்ணு சேத்துகிட்டேன். வந்த மாப்பிள்ளைய சோபாவுல உக்கார வெச்சு மழையப் போட்டுருவேன். சிரிக்காதீங்க தம்பி. ஒருத்தன் பொறுமையா உக்காந்து கேக்கறானா, நல்லதை நல்லதுன்னு சொல்ற மனசு இருக்குதா, எல்லாம் அதுல தெரிஞ்சுரும். மொதல்ல அவினாசியில இருந்து ஒரு பேங்க்குக்காரப் பையன் வந்தான். கண்ண மூடிட்டுக் கேட்டுட்டு, "மாமா, சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சுங்க"ன்னான். எனக்கு உச்சி குளுந்துபோச்சு. கோகிலவாணிப் பாப்பாதான் வேண்டாமுன்னுட்டா. காரணம் கேட்டா, "ஒரு கண்ணைத்தான்ப்பா மூடுனாரு, இன்னொரு கண்ணுல செல்போனைப் பாத்துட்டு இருந்தாரு"ங்கறா. அடுத்து வந்தவன் ரயிலு போறப்பத் திரும்பியே பாத்தான். அவனையும் வேண்டாமுன்னா. பொண்ணுகளுக்கு என்னதான் வேணும்னு நமக்கு எங்கீங்க வெளங்குது?

மூணாவதா வந்தவன்தான் லோகநாதன். மாட்டு டாக்டரு. சொந்த ஊரு காங்கயத்துக்கு இந்தப் பக்கம், வேலை எங்கூருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில. பொண்ணு பாக்கறதுக்கு முக்கால் மணி நேரம் லேட்டு. அப்பா அம்மா முன்னாடியே வந்து கைய பெசஞ்சுட்டு உக்காந்திருக்கறாங்க, இவன் வேர்த்து விறுவிறுத்து வந்து, "மன்னிச்சுக்குங்க மாமா, ஒரு மாடு கன்னு போட முடியாமத் தவிச்சுட்டு இருந்துச்சு"ங்கறான். பேண்டுல சேறு. சரி, வாயில்லாச் சீவன், போகட்டும்னு விட்டுட்டேன். சோபாவுல உக்கார வெச்சேன். மழையப் போட்டேன்.

"எங்கீங்க பெய்யுது மாப்ள?"

"முன்னாடிங்க மாமா."

எனக்குக் காதுல சரியா உளுகலையோன்னு இருந்துச்சு. "நல்லாக் கேளுங்க, அவசரமில்ல"ன்னு சொல்லி, சத்தத்தைக் கூட்டி, மறுபடியும் போட்டேன். அவங்கப்பா பையன் தொடையக் கிள்ளறாரு, நானே பாத்தேன். இவன் எந்திரிச்சான். சோபாவச் சுத்திப் பின்னாடி போனான். பின்னாடிப் பொட்டிகிட்ட மண்டிபோட்டுக் காதை வெச்சான். அப்புறம் என்ன பண்ணுனாங்கறீங்க? பாக்கெட்டுல இருந்து அந்தக் குழாயை எடுத்துட்டான் தம்பி! மாட்டு வயித்துல வெச்சுப் பாக்கற குழாயி! என் பொட்டி மேல வெக்கறான். மேல வெக்கறான், கீழ வெக்கறான், ஓரத்துல வெக்கறான், கண்ண மூடிக் கேக்கறான். மழை பாட்டுக்குப் பேஞ்சுட்டு இருக்குது. கடைசீல காதுல இருந்து குழாயக் கழட்டிட்டு என்னையப் பாவமாப் பாத்து, "இதுல அசைவே இல்லீங்க மாமா"ன்னான்.

சமையக்கட்டு வாசல்ல காப்பித் தட்டோட நின்னுட்டு இருந்த எம்பொண்ணு சிரிச்சுப்போட்டா. சிரிச்சான்னா சும்மா இல்லீங்க, தட்டுல காப்பி தளும்பி வழியற அளவுக்கு. பொண்ணு பாக்க வந்த எடத்துல சிரிக்கற சிரிப்புங்களா அது? மழை முடியறதுக்கு முன்னாடியே காப்பி வந்ததும் எங்கூட்டுல அன்னைக்குத்தான்.

அதோட விட்டானா? பிளேயருக்குப் பின்னாடி தலையை உட்டுப் பாத்துட்டு, "செவப்பும் வெள்ளையும் ரெண்டே ஒயர்தான் போட்டிருக்குதுங்க மாமா. இதுல ரெண்டு சத்தந்தான் போகும், முன்னாடிப் பொட்டிதான் பாடும். ஆறுக்கும் பிரிஞ்சு போகோணும்னா வேற ஒரு ஒயரு மாட்டி, பிளேயருல ஒரு செட்டிங் மாத்தோணும். எங்க ஆஸ்டல்ல இப்படித்தான் ஆச்சு"ன்னான். யாருகிட்டச் சொல்றான்? முப்பத்திரண்டு வருசம் ஒயரோடவே பொழங்குனவன்கிட்ட, மாட்டுக்கு ஊசி போடறவன் சொல்றான்! எனக்கு மூஞ்சியில அடிச்சாப்புல ஆயிருச்சு.

மறுநாளே தரகர்கிட்டச் சொல்லி அனுப்பீட்டேன். ஜாதகம் ஒத்துவரலைன்னு. உள்ளதச் சொல்லோணும்னா பத்துக்கு ஒம்போது பொருத்தம் இருந்துச்சு. அது பொய் இல்லீங்க தம்பி, மரியாதை. "உங்க பையன் எம்பொட்டிய மாடுன்னு நெனச்சுட்டான்"னா சொல்லி அனுப்ப முடியும்?

அதுக்கப்புறம் பாப்பா எங்கூடப் பேசறதக் கொறச்சுகிட்டா. கேட்டா "ம்", கூப்புட்டா "வர்றேன்". ஆனா திடீர்னு மாடுக மேல அக்கறை வந்துருச்சு. பக்கத்தூட்டு பொன்னாத்தாக்கா மாடு நல்லாத்தான் மேஞ்சுட்டு இருந்துச்சு. இவ பாத்துட்டு, "அசை போடறது சரியில்ல, டாக்டருக்குப் போன் போடறேன்"ங்கறா. பசுவுக்கும் எருமைக்கும் வித்தியாசம் தெரியாதவ! ஒரே மாசத்துல மூணு தடவை அந்த லோகநாதன் அங்க வந்து போனான். மூணு தடவையும் பாப்பாதான் மாட்டைப் புடிச்சுட்டு நின்னா. எம்பொண்ணுக்கு எளகுன மனசுங்க, சின்னதுல இருந்தே அப்படித்தான்.

நான் பாட்டுக்கு வேற எடம் பாத்தேன். திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கறவங்க. பையன் மழையக் கேட்டுட்டு, "மாமா, இந்த மாதிரி எங்கயுமே கேட்டதில்ல, பின்னாடி அப்படியே ஊத்துது"ன்னான். அவங்கப்பா நனையாம இருக்கக் கொடை கேட்டாருங்க, கொடை! எனக்குப் பரம திருப்தி. போன வாரம் உப்புச்சக்கரை மாத்திக் கல்யாணத்தை உறுதி பண்ணிரலாம்னு முடிவு பண்ணி, பாப்பாவக் கூப்புட்டுச் சொன்னேன்.

அவ நேராப் போயி டிஸ்க்கைப் போட்டா. என்னைய நடு சோபாவுல உக்கார வெச்சா. "எங்கப்பா பெய்யுது?"ன்னா. "இதென்ன கேள்வி கண்ணு, பின்னாடிதான்"னேன். என் கையப் புடிச்சு எழுப்பிப் பின்னாடி கூட்டிட்டுப் போனா. பொட்டி மேல எங்கூட்டுப் பூனை படுத்துத் தூங்கிட்டு இருந்துச்சு. அதைத் தூக்கி எறக்கி உட்டுட்டு, "காதை வெய்யிங்க"ன்னா.

வெச்சேன்.

தூசி வாசம் அடிச்சுது. வேற ஒண்ணும் இல்லீங்க. கல்லாட்டம் இருந்துச்சு. அந்தப் பக்கத்துப் பொட்டிகிட்டப் போயி வெச்சேன், அதுவும் அப்படித்தான். எதுத்தாப்புல மழை கொட்டுது, இங்க ஒரு சொட்டு இல்ல. ரயிலு போச்சு. முன்னாடியே போயி முன்னாடியே நின்னுருச்சு. பதினோரு வருசமா அந்தப் பூனையும் அதுக்கு முன்னாடி இருந்த பூனையும் அந்தப் பொட்டி மேலதான் தூங்குதுங்க. ரயிலு போறப்பக்கூட முழிச்சதில்ல. அதையாவது நான் கவனிச்சிருக்கோணும்.

ஆனா நான் கேட்டனுங்க தம்பி. சத்தியமாச் சொல்றேன். பதினோரு வருசம் எம்பின்னாடி மழை பெஞ்சுது, என் காதுல கேட்டுது. அது எங்கிருந்து வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புடிபடல.

"உனக்குத் தெரியுமா கண்ணு?"ன்னேன். "எட்டாவது படிக்கறப்பவே தெரியும்ப்பா"ங்கறா. எங்கூட்டம்மா சமையக்கட்டுல இருந்தே, "எனக்கு வாங்குன மொத வாரமே தெரியுமுங்க"ங்கறா. எனக்குப் பொசுக்குன்னு கோவம் வந்துருச்சு. "அப்பறம் எதுக்குடி ரெண்டு பேரும் பின்னாடி பின்னாடின்னு சொன்னீங்க?"ன்னு கத்துனேன்.

பாப்பா மொள்ளத்தான் சொன்னா. "ஆபீசுல இருந்து வர்றப்ப கப்பல் கவுந்தாப்புல வருவீங்கப்பா. யாருகிட்டயும் பேசமாட்டீங்க. அந்த மழையப் போட்டு, நான் 'பின்னாடி பெய்யுது'ன்னு சொன்னாத்தான் சிரிப்பீங்க. அதுக்குத்தான் சொன்னேன். அப்பறம் நிறுத்த முடியல. வந்தவங்க எல்லாரும் உங்களுக்குப் புடிச்சதச் சொல்லிட்டுக் காப்பி குடிச்சுட்டுப் போனாங்க. இருக்கறத இருக்கறபடி சொன்னது அவரு ஒருத்தருதான். சொன்னாக் கோவிச்சுக்குவீங்கன்னு தெரிஞ்சும் சொன்னாரு. அவரைத் தொரத்தி உட்டுட்டீங்க."

அப்பறம் ஒண்ணு சொன்னா. அதுதான் என்னையத் தூங்க உடமாட்டேங்குது. "திருப்பூர்க்காரரு ஆயுசு பூரா எங்கிட்டயும் பின்னாடி பெய்யுதுன்னேதான்ப்பா சொல்லிட்டு இருப்பாரு. எனக்கு வேண்டாம்"ன்னா. சொல்லிட்டு அழுதுட்டா. அவ அழுது நான் பாத்து எத்தனையோ வருசமாச்சு. அவ சிரிச்ச அன்னைக்கு அவமானம்னு நெனச்சனே, எங்கூட்டுல அவ அப்படிச் சிரிச்சதே அன்னைக்கு ஒருக்காத்தான்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

திருப்பூருக்கு வேண்டாமுன்னு சொல்லி உட்டுட்டேன். இந்த மொறை ஜாதகத்து மேல பழி போடல, பொண்ணுக்கு இஷ்டமில்லைன்னே சொன்னேன். அவங்கப்பா லேசுப்பட்ட பேச்சாப் பேசுனாரு? வாங்கிக் கட்டிகிட்டேன். அந்தச் சூட்டுலயே தரகர் வந்து இன்னொண்ணும் சொல்லீட்டுப் போறாரு. லோகநாதனுக்கு வெள்ளகோயில்ல ஒரு பொண்ணு பாத்திருக்கறாங்களாம், வர்ற புதங்கிழமை போயி வாக்குக் குடுக்கப் போறாங்களாம். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. நடுவுல ரெண்டே நாளு.

இல்லீங்க, அதுக்காக நான் போகல. நான் ரிப்பேருக்குத்தான் போறேன். எங்கூட்டம்மாதான் பிளேயரக் கழட்டிப் பொட்டியில வெச்சுக் கட்டி, "டாக்டர்கிட்டக் கொண்டுபோயி ஒயரு மாட்டிட்டு வாங்க"ன்னு கையில குடுத்துட்டா. மாட்டு டாக்டர்கிட்டயான்னு சிரிக்கறீங்க. சிரிங்க. நோயக் கண்டுபிடிச்ச டாக்டருதானுங்களே வைத்தியமும் பாக்கோணும்? அவங்கப்பாவுக்குப் போன் போட்டு, "ஒரு சின்ன ரிப்பேருங்க, டாக்டர் தம்பி ஊட்டுல இருப்பாருங்களா?"ன்னு கேட்டுட்டுத்தான் வர்றேன். அவரு "வாங்க"ன்னாரு. அவ்வளவுதான். அந்த "வாங்க"வுல என்ன இருந்துச்சுன்னு ரெண்டு நாளா யோசிச்சுட்டு இருக்கறேன்.

பையிலயா? அது சும்மா, பழம். பூ. வெத்தலை. ஒரு ஊட்டுக்குப் போறப்ப வெறுங்கைய வீசிட்டுப் போக முடியுங்களா? அடியில உப்புப் பொட்டணமும் சக்கரையும் இருக்குதுன்னு நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியுது. எங்கூட்டம்மா வேலை.

சரி, மறைச்சு என்ன ஆகப்போகுது. நீங்க அடுத்த ஊருல எறங்கிப் போயிருவீங்க. வேண்டாமுன்னு சொன்ன எடத்துக்குப் பொண்ணூட்டுக்காரன் நானே போயி நிக்கறது லேசுப்பட்ட காரியமுங்களா? "அன்னைக்கு ஒத்துவராத ஜாதகம் இன்னைக்கு எப்படீங்க ஒத்துவந்துச்சு?"ன்னு லோகநாதனோட அப்பா ஒரு வார்த்தை கேட்டாப் போதும், நான் பூமிக்குள்ள போயிரோணும். என்ன சொல்லறதுன்னு காத்தால இருந்து மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துட்டே வர்றேன். ஒரு ஒத்தாசை பண்றீங்களா தம்பி? நீங்க அவங்கப்பான்னு வெச்சுக்குவோம். கண்ணாடியெல்லாம் போட்டிருக்கறீங்க, பெரிய மனுசனாட்டந்தான் இருக்கறீங்க. ஒண்ணும் பேச வேண்டாம், சும்மா என்னையப் பாத்துட்டு மட்டும் இருங்க.

வணக்கமுங்க. நல்லா இருக்கறீங்களா? மழையெல்லாம் எப்படி... சே, மழை வேண்டாம். மறுபடியும். வணக்கமுங்க. பிளேயரு... ஒயரு... இல்லீங்க. பிளேயரு கெடக்குது. ஜாதகம் நல்லாத்தான் இருந்துச்சுங்க. நாந்தான் மாத்திச் சொல்லீட்டேன். உங்க பையன் உள்ளதச் சொன்னாரு. எனக்கு அது பழக்கமில்லாமப் போச்சு. எங்கூட்டுல யாரும் எங்கிட்ட உள்ளதச் சொல்றதில்லீங்க, நான் அப்படி வெச்சிருந்துட்டேன். எம்பொண்ணு எனக்காகப் பதினோரு வருசம் பொய் சொல்லியிருக்கறா. இனிமேலாச்சும் அவளுக்கு அந்த வேலை இல்லாம இருக்கோணும். உங்க பையன்கூட இருந்தா அது வேண்டியிருக்காதுங்க. தப்பு என்னுதுதான். எம்மேல இருக்கற கோவத்தை அவ மேல...

கொஞ்சம் இருங்க. கண்ணுல தூசி. சன்னலச் சாத்துங்க தம்பி. சாத்தித்தான் இருக்குதுங்களா? சரி.

ஏனுங்க கண்டக்டரு, வரப்பாளையம் பிரிவுல ஒண்ணு எறங்கோணும்! வந்துருச்சுங்களா? இதுக்குள்ளயா? ஊடு உள்ள ஒரு மைல் தள்ளியிருக்குது, நடந்துக்கலாம், போற வழியில இன்னொருக்கா சொல்லிப் பாத்துக்கலாம்னு இருந்தேன்...

தம்பி, அங்க பாருங்க. அந்த வேப்பமரத்துக்குக் கீழ. அது லோகநாதனுங்க. நான் வர்ற பஸ்சு அவனுக்கு யாரு சொன்னா? கூட நிக்கறது அவங்கப்பா, வெள்ள வேட்டி வெள்ளச் சட்டை. அவங்கம்மாவும் வந்திருக்கறாங்க. பட்டுச்சேலை கட்டியிருக்கறாங்க தம்பி. தலையில பூ. ஒரு பிளேயரு ரிப்பேருக்கு வருதுன்னா யாருங்க பட்டுச்சேலை கட்டிட்டு பஸ்சுக்கு வந்து நிப்பாங்க?

இந்தப் பொட்டியச் சித்த புடிங்க, எறங்குனதும் குடுங்க. என்னென்னமோ சொன்னனே உங்ககிட்ட, எப்படி ஆரம்பிச்சேன்? ஒரு வார்த்தை ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. எல்லாம் போச்சு. தப்பு என்னுதுங்கறது மட்டுந்தான் ஞாபகம் இருக்குது.

அது போதுமில்லீங்க?